தங்கைக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடி

மாமல்லபுரம் பேருந்து நிலையத்திலிருந்து கடற்கரைக் கோயிலுக்குப் போகும் தெருவில் கூலிங்கிளாஸ் விற்றவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் மோசஸ் ஒருவர்தான் தன் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் வெயிலில் நின்றவர். விற்கிறவன் கண்ணைப் பார்த்தால்தான் வாங்குகிறவனுக்கு நம்பிக்கை வரும் என்பது அவருடைய எண்ணம்.

பூஞ்சேரி காலனிக்காரர். அதற்கு முன்பு ஒரு கல் பட்டறையில் சுமை தூக்கிக்கொண்டிருந்தார். 1991இல் ஒரு நந்தியை லாரியில் ஏற்றும்போது கயிறு நழுவி இடது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிப்போயின. கையில் பாரம் நிற்காத ஆளுக்குப் பட்டறையில் என்ன வேலை இருக்கிறது? கறுப்புத் துணி ஒட்டிய பலகை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதில் முப்பது கண்ணாடிகளைச் செருகித் தெருவுக்கு வந்துவிட்டார்.

சரக்கு பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் கிடைத்தது. கண்ணாடிகளோடு தங்க நிற ஒட்டுத்தாள் சுருள் ஒன்றையும் கடைக்காரர் தனியாகக் கொடுப்பார். அதில் இங்கிலீஷில் 'யூவி 400' என்று அச்சடித்திருக்கும்.

"இது இன்னாங்க?" என்று முதல் தடவை மோசஸ் கேட்டார்.

"ஒட்டிக்கோ. பாக்க ஒரிஜினல் மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர்.

அவ்வளவுதான். காலையில் நாஸ்தாவுக்கு முன்பு மோசஸும் அவர் மனைவி ரெபேக்காளும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் அந்தத் தாளை ஒட்டுவார்கள். விரல்கள் நசுங்கியிருந்ததால் மோசஸ் ஒட்டினால் கோணலாக ஒட்டும். ரெபேக்காள் பிரித்து நேராக ஒட்டுவாள்.

1994 மே மாதத்தில் ஒரு நாள், வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி வெயில் தாங்காமல் அவர் நின்ற புங்கமர நிழலுக்கு வந்தாள். வடக்கே பனி நாட்டில் ஏதோ அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறவள். கூட வந்த ராஜேந்திரன் மாமல்லபுரத்தில் வழிகாட்டி. நான்கு மொழிகள் உடைத்துப் பேசுவார். அந்த அம்மாள் பலகையைப் பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து காகிதம் எடுத்து எதையோ வரைந்தாள். பட்டையான எலும்புத் துண்டு, நடுவில் கீறியது போல இரண்டு நீளத் துளைகள்.

"உலகத்துல மொத கூலிங்கிளாஸ் இதானாம்" என்று ராஜேந்திரன் மொழிபெயர்த்தார். "அங்க பனி மேல வெயிலடிச்சா கண்ணு பூடுமாம். கண்ணுல மண்ண வாரி வீசினாப்புல எரியுமாம். ரெண்டு நாளு ஒண்ணுமே தெரியாதாம். அதுக்கு எலும்புல கீறி, அது வழியா பாப்பாங்களாம். கண்ணாடியே கெடையாது."

சீனாவில் நீதிபதிகள் புகைநிறக் கல்லைத் தேய்த்துக் கண்ணுக்கு மாட்டிக்கொள்வார்கள், சாட்சிக்காரனுக்குத் தங்கள் மனசு தெரியக்கூடாது என்று. அதையும் அவள் சொன்னாள். மோசஸுக்கு அது மனதில் நிற்கவில்லை. கண்ணில் மண்ணை வாரி வீசினது போல என்ற வார்த்தைதான் நின்றது. அதே வார்த்தையை அவர் தங்கை சாராள் ஒவ்வொரு பங்குனியிலும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாராளைக் கேளம்பாக்கத்துப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவர் ஜெபக்குமார் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிரிசில்லா என்று ஒரே பெண். சாராளுக்கு உப்பளத்தில் வேலை. பாத்தியில் படிந்த உப்பைப் பலகையால் வாரிக் குவித்து, கூடையில் அள்ளி, வரப்பு வழியே தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். மேலே வெயில் ஒரு பங்கு என்றால் கீழே உப்பிலிருந்து அடிப்பது இரண்டு பங்கு. குனிந்து வேலை செய்கிறவளுக்கு முந்தானையைத் தலையில் போட்டு என்ன பயன்? பதினொரு மணிக்கெல்லாம் கண்ணில் நீர் கொட்ட ஆரம்பித்துவிடும். பாதி நாளில் வீட்டுக்கு வந்து ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள்.

அடுத்த ஞாயிறு கோயில் முடிந்ததும் மோசஸ் திருப்போரூர் வழியாகப் பேருந்து பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போனார். பலகையில் இருந்ததிலேயே கறுப்பானதைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"இத்த போட்டுகினு வேல செய்யி."

"அய்ய, இன்னாண்ணா! என்னப் பாத்து அல்லாரும் சிரிப்பாங்கோ."

"சிரிக்கட்டுமே. உங்கண்ணு முக்கியமா, அவுங்க சிரிப்பு முக்கியமா?"

சிரித்தார்கள்தான். "இன்னாடி, ஷூட்டிங்குக்கு வந்துகிறியா?" என்று எல்லம்மாள் என்கிற பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டே சிரித்தாளாம். ஆனால் அன்றைக்குச் சாராள் மூன்று மணி வரை நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அதைப் பார்த்த எல்லம்மாளே மறுநாள், "உங்க அண்ணங்கிட்ட எனக்கொண்ணு கேளு" என்றாள். அடுத்த இரண்டு மாதத்தில் எட்டுப் பெண்களுக்கு மோசஸ் கண்ணாடி கொண்டுபோய்க் கொடுத்தார். யாரிடமும் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. வெள்ளை உப்பின் மேல் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒன்பது பெண்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கும்போது, பட்டறையை விட்டு வந்தபின் முதல் தடவையாக அவருக்கு உருப்படியாக ஏதோ செய்தோம் என்று தோன்றியது. அந்தப் பனி நாட்டுக் கதையோடு இதையும் சேர்த்துச் சுற்றுலாக்காரர்களிடம் சொல்வார்.

உடைந்தால் புதிது கொடுப்பார். அப்படி ஏழு வருஷம் போயிற்று.

2001 கோடையில் சாராள் ஒரு நாள், "வரப்பு வளஞ்சி வளஞ்சி தெரியுதுண்ணா" என்றாள். நேராக வெட்டிய வரப்பு பாம்பு நெளிவது போலத் தெரிகிறதாம். அசதி என்று நினைத்தார்கள். பிறகு பைபிளில் வரியின் நடுவில் உள்ள எழுத்துகள் காணாமல் போயின. ஓரத்து எழுத்துகள் இருக்கும், பார்க்கிற எழுத்து இருக்காது. ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் நின்ற பிரிசில்லாவைப் பார்த்து, "யாரும்மா, இன்னா வேணும்?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் அந்தப் பெண் அழுதுகொண்டே பூஞ்சேரிக்கு வந்தது.

மோசஸ் தங்கையைச் செங்கல்பட்டுக்குக் கண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப்போனார். மருத்துவர் நடுவயதுப் பெண். சொட்டு மருந்து போட்டு, விளக்கடித்து, வெகுநேரம் பார்த்தார். மூக்குப் பக்கமிருந்து கருவிழி மேல் சதை வளர்ந்திருக்கிறது, அதை எடுத்துவிடலாம் என்றார்.

"உள்ளே, பின்பக்கம் விழித்திரை இருக்கு. அதோட நடுப்பகுதி கெட்டுப்போச்சு. ரெண்டு கண்ணுலயும். அதைச் சரிபண்ண முடியாதும்மா."

சாராளின் மடியில் இருந்த கண்ணாடியைப் பார்த்து, "இதையா போட்டு வேலை செய்றீங்க?" என்று கேட்டு வாங்கினார். அந்தத் தங்க நிறத் தாள் இன்னும் மூலையில் இருந்தது. அண்ணன் ஒட்டினது என்று சாராள் பிரிக்காமலே வைத்திருந்தாள். மருத்துவர் கண்ணாடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"இது சாயம் போட்ட பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. வெளிச்சத்தை மட்டும் குறைக்கும். கண்ணைக் கெடுக்கிற புற ஊதாக் கதிர் இருக்கே, இந்தத் தாள்ல யூவின்னு போட்டிருக்கே, அதை நிறுத்தாது. கறுப்பா இருந்தா இருட்டுன்னு நினைச்சு கண்மணி பெருசா விரிஞ்சிடும். வாசலை அகலமாத் திறந்து வச்ச மாதிரி. கதிர் இன்னும் நிறையத்தான் உள்ளே போகும்."

"அப்ப இதனாலதான் கண்ணு போச்சா, மேடம்?" என்று மோசஸ் கேட்டார்.

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. இருபது வருஷம் உப்பு வெயில். கண்ணாடி இல்லாமலும் வந்திருக்கலாம். யார் குடுத்தாங்க இதை?"

சாராள்தான், "எங்க அண்ணங்க" என்றாள், பெருமையாகவே.

திரும்பி வரும்போது பேருந்தில் மோசஸ் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். தாளைத் தானே ஒட்டியது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ஒட்டியது, இருப்பதிலேயே கறுப்பாகப் பார்த்து எடுத்து வந்தது, எல்லாம். கேட்டு முடித்ததும் சாராள் அவர் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஏண்ணா பேஜாராவுற? அந்தக் கண்ணாடி இல்லன்னா நான் பதினோரு மணிக்கே வூட்டுக்கு ஓடியாந்துருப்பேன். அத்த போட்டுகினுதான் மூணு மணி, நாலு மணின்னு நின்னேன். அதுலதான் பிரிசில்லா பத்தாங்கிளாஸ் வரிக்கும் வந்துச்சு."

ஆறுதலாகத்தான் சொன்னாள். மோசஸுக்கு அது தீர்ப்பாக விழுந்தது. கண் எரிந்தபோதெல்லாம் தங்கை நிழலுக்கு ஓடி வந்தாளே, அந்த எரிச்சல்தான் அவளுக்குக் காவலாக இருந்தது. அந்தக் காவலைத் தான் எடுத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது.

மறுநாள் காலையில் உப்பளத்துக்குப் போனார். எட்டுப் பெண்களில் ஐந்து பேர்தான் அப்போது வேலையில் இருந்தார்கள். விஷயத்தைச் சொல்லி, கண்ணாடிகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்.

எல்லம்மாள் கண்ணாடியைக் கழற்றாமலே நின்றாள். "அண்ணாத்த, இத்த குடுத்துட்டா நான் எத்த போட்டுகினு நிக்கிறது?"

"எத்தயும் போடாத. கண்ணு கூசுனா நெழலுக்குப் பூடு."

"நெழலா? இங்க எங்க கீது நெழலு?" அவள் சுற்றிலும் கை காட்டினாள். "நெழலுக்குப் போனா மேஸ்திரி நாளைக்கி வர வேணான்னுடுவான். நல்லதா ஒண்ணு குட்து இத்த வாங்கிக்கோ."

அவரால் முடியாது என்று அவளுக்கும் தெரியும். ஐந்து பேரில் ஒருத்தி மட்டும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். மோசஸ் வரப்பைத் தாண்டுவதற்குள் பின்னாலேயே வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மாதம் மோசஸ் கண்ணாடிகளில் தாள் ஒட்டுவதை நிறுத்தினார். எடுத்துப் பார்க்கிறவர்களிடம், "இது ஷோக்குக்குத்தான் சார், கண்ணுக்கு நல்லது இல்ல" என்று சொல்லிவிடுவார். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போவார்கள். மீதிப் பேர் பக்கத்து ஆளிடம் போய் அதே கண்ணாடியைத் தாளோடு வாங்குவார்கள். மூன்று வாரம் பொறுத்த மற்ற வியாபாரிகள் ராஜேந்திரனைப் பேச அனுப்பினார்கள்.

"மோசஸு, உன் தங்கச்சிக்கு நடந்தது எங்களுக்கும் வருத்தந்தான்" என்றார் ராஜேந்திரன். "அதுக்காவ பத்துக் குடும்பத்து சோத்துல மண்ணப் போடுவியா? வெள்ளக்காரன் ரெண்டு நாளு போட்டுட்டுத் தூக்கி எறியப் போறான். அவனுக்கு இன்னா ஆவப் போவுது?"

மோசஸ் சங்கு மாலை கோத்து விற்கலாம் என்று பார்த்தார். இடது கையில் ஊசி நிற்கவில்லை. ஒரு விடுதியில் தோட்ட வேலை கேட்டார். கையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். தை பிறந்து கூட்டம் வரத் தொடங்கியபோது பலகை மறுபடி அவர் கழுத்தில் இருந்தது. தாளை ரெபேக்காள் தனியாக ஒட்டினாள். அவர் அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார். எலும்புக் கண்ணாடிக் கதையை அதற்குப் பிறகு யாருக்கும் சொன்னதில்லை.

சாராளுக்குச் சதையை எடுத்தார்கள். ஒரு வருஷத்தில் அது திரும்ப வளர்ந்தது. அவள் வேலைக்குப் போக முடியாமல் ஆனதும் பிரிசில்லா பள்ளிக்கூடத்தை விட்டாள். கம்பெனிப் பேருந்து ஏறி மறைமலைநகர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே பன்னிரண்டாவது முடித்தவர்களைத்தான் எடுப்போம் என்றார்கள். 2003 மாசியில் அம்மாவின் கூடையை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள்.

மோசஸ் செங்கல்பட்டுக்குப் போய், அந்த மருத்துவரையே கேட்டு, அவர் சொன்ன கடையில் சோதித்துப் பார்த்து ஒரு நல்ல கண்ணாடி வாங்கி வந்தார். ரெபேக்காளின் கம்மல் அதற்குப் போனது. பிரிசில்லா ஆசையாக வாங்கிப் போட்டுப் பார்த்தாள்.

"இன்னா மாமா, இது கருப்பாவே இல்லியே?"

"கருப்புல ஒண்ணும் இல்ல பாப்பா. இதான் காப்பாத்தும். மாமா சொல்றேன், நம்பு."

மாமா சொல்கிறேன், நம்பு. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எப்படி இருக்கிறது என்று அவருக்கே உறைத்தது. பிரிசில்லா ஒரு வாரம் அதைப் போட்டாள். பிறகு அவர் உப்பளத்துப் பக்கம் போனபோது, எல்லம்மாளிடம் வாங்கிய பழைய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தாள். இதுதான் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றாள். நல்ல கண்ணாடி வீட்டில் பெட்டிக்குள் இருந்தது.

மோசஸ் ஞாயிறு தவறாமல் தங்கையைப் பார்க்கப் போவார். எதிரே வந்து உட்கார்ந்ததும் சாராள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். நேராகப் பார்த்தால் அண்ணன் முகம் இருக்கிற இடத்தில் ஒன்றும் இருக்காது. திரும்பினால்தான் கண்ணின் ஓரத்தில் அவர் காதும் தோளும் கொஞ்சம் தெரியும். அப்படியே சுவரைப் பார்த்தபடி மணிக்கணக்கில் அவரோடு பேசுவாள். தெருவில் போகிறவர்கள் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆகாது போல என்று நினைத்துக்கொள்வார்கள். மோசஸ் யாரிடமும் அதை இல்லை என்று சொன்னதில்லை.