கை தூக்கியவள்

தற்கொலைத் தடுப்பு விழிப்புணர்வுக் கூட்டம் என்றால் எங்கள் கல்லூரியில் முதலில் வாங்குவது பொன்னாடை. அப்புறம்தான் பேசுவதற்கு ஆள் தேடுவார்கள். அன்றைக்கு வண்ணார்பேட்டையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பட்டிமன்றங்களில் சிரிக்க வைத்துப் பழகியவர். பெற்ற தாயை நினைத்துப் பாருங்கள், தகப்பன் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள் என்று ஒரு மணி நேரம் முழங்கினார். சாக நினைக்கிற பிள்ளை ஏற்கெனவே அவர்களை நினைத்துத்தான் அழுதுகொண்டிருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது?

முடிக்கும்போது, "மனசுல கஷ்டம் இருக்கவங்க கை தூக்குங்க, பாப்போம்" என்றார். அரங்கம் நிறைய பிள்ளைகள். என் பக்கத்தில் இருந்த விடுதி அறைத்தோழி மட்டும் கை தூக்கினாள்.

"இவ்வளவு லட்சணமான பிள்ளைக்கு என்னம்மா கஷ்டம்? மாப்பிள்ளை பாத்துருவமா?"

அரங்கமே கைதட்டிச் சிரித்தது. பேராசிரியர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கையை இறக்கினாள். மேடையேறி அந்தப் பொன்னாடையைப் பிடுங்கி எறியலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

மத்தியானமே துறைத்தலைவி அவள் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்கப் போனேன். "கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும். இங்கன ஏதாவது ஆச்சுன்னா காலேஜ் பேரு கெட்டுரும்லா?" என்றார்.

"பேரு எங்கயும் போகாது மேடம். பிள்ளை இருக்கணும்லா?" என்று நான் கத்தியது வராண்டா வரைக்கும் கேட்டிருக்கும்.

அறைக்கு ஓடினேன். அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. "சாகணும்னு தோணுதாட்டி?" என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்பார்கள். சுத்தப் பேத்தல். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுது தீர்த்தாள். விடிகிற வரைக்கும் அவளைத் தனியே விடவில்லை.

மறுநாள் காலை கல்லிடைக்குறிச்சியிலிருந்து அவள் அம்மா வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாக, "ஊரு முன்னால கை தூக்குனியாமேட்டி? மானம் போச்சு. கெளம்பு" என்றார்.

நான் குறுக்கே நின்றேன். "வீட்டுக்கு அப்புறம் போலாம்மா. மொதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்."

"எம் பிள்ளைக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"காய்ச்சல்னா கூட்டிட்டுப் போவீங்கள்லா? சாகணும்னு சொல்லுதாம்மா." அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

மனநலப் பிரிவு வாசலில் பெஞ்சில் காத்திருந்தோம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லாட்டி?" என்றார் அம்மா.

"சொன்னேம்மா. ராத்திரி தூக்கமே வரலன்னு சொன்னேன். செல்போன நோண்டாமப் படுன்னு சொன்ன."

உள்ளே கூப்பிட்டதும், மகள் வாயைத் திறக்கும் முன்னே அம்மாவே டாக்டரிடம் சொன்னார்.

"தூக்கம் வரலன்னு ரொம்ப நாளா சொல்லுதா டாக்டர். நாந்தான் கேக்கல."