கேம் பெட்டியின் நெற்றியில் ஒரு மச்சான்

விளக்குப் பலகைத் தொழிலில் விளக்கை எரிய வைப்பது மட்டும்தான் நம் வேலை. அந்த வெளிச்சத்தில் யார் தெரிய வேண்டும் என்பதை வாடிக்கையாளரின் சொந்தபந்தம் கூடி முடிவு செய்யும்.

மலைமேல் இருக்கும் கரியாலூர் டீக்கடையில் நான் அந்தப் பலகையை மாட்டிய ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தவர்கள்: கடைக்காரர் ஏழுமலை, அவர் மனைவி அஞ்சலை, அஞ்சலையின் அண்ணன் பச்சமுத்து (சின்னசேலத்தில் மக்காச்சோள வியாபாரம்), அருவி பார்க்க வந்து மழைக்கு ஒதுங்கிய விழுப்புரத்துக் குடும்பம் ஐந்து பேர், அப்புறம் நான். மொத்தம் ஒன்பது.

கேம் பெட்டி என்றால் ஆள் உயரத்துக்குப் பிளைவுட்டில் பீரோ போல ஒரு பெட்டி. நடுவில் டிவி, அதற்குக் கீழே கைப்பிடிகளும் பட்டன்களும், உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர். உச்சியில், நெற்றி இருக்கிற இடத்தில், பெயர் எழுதி உள்ளே விளக்கு எரிகிற நீளப் பலகை. ஏழுமலை போனில் வீடியோ பார்த்தே எல்லாவற்றையும் தானே செய்துவிட்டார். முன் வளைவில் புதிதாக ஒரு கடை வந்ததிலிருந்து அருவிக்குப் போகிற வண்டி எதுவும் இவர் கடையில் நிற்பதில்லை. இந்தப் பெட்டி நிறுத்தும் என்று நம்பியிருந்தார். ஒரே சிக்கல், உள்ளே இருக்கிற டிவி பச்சமுத்து வீட்டு டிவி. தனக்கு மரியாதை குறைந்தால் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். டிவி போனால் மிஞ்சுவது பீரோ.

கயிற்றில் வந்த அளவு

பலகைக்கு அளவு கேட்டேன். “என் கைக்கு மூணு சாணு, மேல ஒரு ரெண்டு விரலுங்க. உங்க கை எப்படியோ தெரியல” என்றார் ஏழுமலை போனில். டேப் வைத்து அளந்து அங்குலத்தில் சொல்லச் சொன்னேன். டேப் தச்சரிடம் இருக்கிறதாம். மறுநாள் மலையிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் கள்ளக்குறிச்சியில் என் கடைக்கு ஏறி வந்து ஒரு நீல நைலான் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு முனையிலும் முடிச்சு. அதுதான் அளவு.

பலகைத் தொழில் செய்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நைலான் கயிறு தளர விட்டால் இருபத்தைந்தே கால் அங்குலம், இழுத்தால் இருபத்தாறு. பலகைக்குப் போடுகிற அக்ரிலிக் பிளாஸ்டிக் நம் சௌகரியத்துக்கு நீளாது. நீளம் ஜாஸ்தியானால் உள்ளே போகாது, கம்மியானால் ஓரத்தில் வெளிச்சம் ஒழுகும். அளக்கும்போது கயிற்றை இழுத்துப் பிடித்தீர்களா, தளர்வாகவா என்று கேட்டேன். ஏழுமலை சொன்னார்: “ஒரு பக்கம் நான் புடிச்சேன், ஒரு பக்கம் அவ புடிச்சா. அவ எப்பவுமே எதையும் இழுத்துதான் புடிப்பா.”

ஏழு அங்குலத்தில் ஒரு குடும்பம்

அப்படியானால் பெட்டியின் அளவு இழுத்த கயிற்றுக்குத்தான் கிட்டத்தில் இருக்கும் என்று இருபத்தாறே வைத்துக்கொண்டேன். உயரம் ஏழு. இதற்குள் வர வேண்டியவை என்று ஏழுமலை சொன்னவை: கடைப் பெயர், அருவி, கரடி, குலதெய்வம், பிள்ளைகள் இரண்டு பேர், ‘வருக வருக’, போன் நம்பர். கல்யாண பேனரில் ஊரையே நிற்க வைத்துப் பழகியவர்களிடம் ஏழு அங்குலம் என்று சொன்னால் நான் கஞ்சத்தனம் செய்கிறேன் என்று நினைக்கிறார்கள். ரோட்டில் போகிற வண்டிக்காரர் கண்ணில் பட எழுத்துக்கே நான்கு அங்குலம் வேண்டும் என்று சுவரில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். கடைசியில் ‘கரடி கேம்ஸ்’ என்று இரண்டு சொல், பக்கத்தில் ஒரு கரடி என்று முடிந்தது. அச்சுக்கடை பாபு அதை நன்றாகவே அடித்துக் கொடுத்தான்.

அச்சு ஈரம் காய்வதற்குள் பச்சமுத்துவிடமிருந்து போன். தன் போட்டோ எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டார். எந்தப் பக்கமும் வரவில்லை என்றேன். டிவி யாருடையது தெரியுமா என்றார். தெரியும், ஆனால் பலகையில் இடம் இல்லை என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார். “இடம் கம்மின்னா எழுத்தைக் கம்மி பண்ணுங்க பெரியவரே, ஆளைக் கம்மி பண்ணாதீங்க.”

கறுத்த முகம்

அடுத்து ஏழுமலை போன் செய்து கெஞ்சினார். போட்டோ இல்லாவிட்டால் டிவி இல்லை, டிவி இல்லாவிட்டால் மறுபடி முன் வளைவுக் கடையைப் பார்த்துக்கினு உட்கார வேண்டியதுதான் என்றார். சரி, வலது ஓரத்தில் ஒரு வட்டமாகப் பச்சமுத்துவை ஸ்டிக்கரில் ஒட்டிவிடலாம் என்று ஒத்துக்கொண்டேன். பாபுவிடம் தெளிவாகச் சொன்னேன்: பின்னால் விளக்கு எரியும், வெளிச்சம் ஊடுருவுகிற ஸ்டிக்கரில் போடு. தலையை ஆட்டிவிட்டு, சுவரில் ஒட்டுகிற சாதா ஸ்டிக்கரில் போட்டுக் கொடுத்தான்.

விளக்கில்லாமல் பார்த்தபோது பச்சமுத்து மீசையும் சிரிப்புமாகப் பளிச்சென்று இருந்தார். விளக்கைப் போட்டதும் கரடி பொன்னிறமாக எரிந்தது, இவர் இருந்த இடத்தில் மட்டும் தோசைக்கல் மாதிரி கறுப்பாக ஒரு வட்டம். பாபுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தப்பு என்று அவன் சொல்லுவான் என எதிர்பார்த்தேன். தலையைச் சாய்த்து இரண்டு கோணத்தில் பார்த்துவிட்டு, “மலையில பாதி நேரம் கரண்டே இருக்காதுண்ணே, இதுக்குப் போயி இன்னாத்துக்கு இன்னொரு வாட்டி?” என்றான்.

உப்பிய பெட்டி

இன்னொரு வாட்டி சரியான ஸ்டிக்கரில் போட வைத்து ஒட்டினேன். பலகையைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மலை பஸ்ஸில் போனேன். ஒவ்வொரு வளைவிலும் பக்கத்து சீட்டுக்காரர் என்மேல் சாய்ந்தார், நான் பலகைமேல் சாயாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால் பலகை உள்ளே நுழையவில்லை. பெட்டியை டேப்பால் அளந்தேன். இருபத்தைந்தே முக்கால். விளிம்புக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்டதால் பிளைவுட் மலைப் பனியைக் குடித்து உள்பக்கமாக உப்பியிருந்தது. அறுத்தால் அக்ரிலிக் விரிசல் விடும், ஆகவே அரம் வைத்து இரண்டு ஓரத்தையும் தேய்த்தேன். தேய்த்து, வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி தேய்த்து, மேலும் கீழும் அலுமினிய ஆங்கிள் வைத்து எட்டு ஸ்க்ரூ முடுக்கியபோது என் மணிக்கட்டு எனக்குச் சொந்தமில்லை. ஏழுமலை டீயை நீட்டியபடி ஆறுதல் சொன்னார்: “போன வாரம் சரியாத்தான் இருந்திச்சிங்க. இந்தக் குளுருக்கு எல்லாமே உப்பிக்கும், நானே மூணு கிலோ ஏறிட்டேன்.”

சந்தனம்

விளக்குக்கு ஒயர் இணைக்க நான் பெட்டிக்குப் பின்னால் குனிந்திருந்தேன். அந்த நேரத்தில் அஞ்சலை முன்பக்கம் பூசைக்கு ஏற்பாடு செய்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு மூலையிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, கைப்பிடிகளுக்கும் பொட்டு வைத்தார். எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு போட்டோவிலிருந்த அண்ணனை மட்டும் விட்டால் மரியாதைக் குறைவு என்று அவர் நெற்றியிலும் ஒன்று வைத்தார். பிறகு உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சாமந்தி மாலை தொங்கவிட்டார். வலப்பக்க மாலை சரிந்து, வட்டத்தைச் சுற்றிக் கச்சிதமாக விழுந்தது. நான் சுவிட்சைத் தட்டிவிட்டு முன்னால் வந்தேன்.

நம் ஊரில் ஒரு முகம் பொட்டோடும் மாலையோடும் விளக்கோடும் சுவரில் இருந்தால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. பச்சமுத்து கரடிக்குப் பக்கத்தில் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் விழுப்புரத்துக் குடும்பம் மழைக்கு உள்ளே ஓடி வந்தது. அந்த வீட்டுப் பெரியவர் பெட்டியைப் பார்த்ததும் செருப்பை வெளியே விட்டார். அப்போதுதான் தலையில் துண்டோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்த ஆளிடம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டார்: “நல்ல களையான முகம். எப்பங்க தவறினாரு?”

தேங்காய் எண்ணெய்

அந்த ஆள் துண்டை எடுத்தார். பச்சமுத்து. கேட்டவர் அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், இரண்டடி பின்னால் போனார்.

“மாப்ளே, டிவிய கழட்டு” என்றார் பச்சமுத்து.

“பூசைக்குத்தாண்ணே வச்சேன்” என்றார் அஞ்சலை.

“உசுரோட கீறவனுக்கு இன்னாடி பூசை? மாலை வேற.”

ஏழுமலை ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார். ஆனால் கழற்றவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு தன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு குடும்பத்துப் பேச்சில் நான் வாய் வைப்பதில்லை. ஆனாலும் ஒயர் இணைத்தவன் நான், உள்ளதைச் சொல்லியாக வேண்டும். டிவிக்கு ஒரு ஒயர், போர்டுக்கு ஒரு ஒயர். டிவியைக் கழற்றினாலும் போட்டோ எரிந்துகொண்டுதான் இருக்கும் என்றேன்.

பச்சமுத்து அதை யோசித்தார். “அப்ப மொதல்ல அத எடுங்க. டிவிய அப்பால பாத்துக்கலாம்.”

ஸ்டிக்கரை உரிப்பது பொறுமையான வேலை. வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி ஒற்றி, நகத்தால் ஓரத்தைக் கிளப்ப வேண்டும். ஏழுமலை அவசரத்தில் பெட்ரோல் பாட்டிலோடு வந்தார். பெட்ரோல் பட்டால் அக்ரிலிக் விரிசல் விட்டுவிடும் என்று திருப்பி அனுப்பி, பசைக்குத் தேங்காய் எண்ணெய் கேட்டேன். நான் ஸ்டூல்மேல் நின்று மீசையிலிருந்து தொடங்கினேன். கீழே விழுப்புரத்துக்காரர் வெட்கம் தாங்காமல் பச்சமுத்துவை ஓர் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். முதல் ஆட்டத்தில் அவர் பட்டனைத் தொடவே யோசித்தார். இரண்டாவதில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அதற்குள் ரோட்டில் இன்னொரு வேன் வந்து நின்றது. பெட்டி முன்னால் கும்பல், அஞ்சலை இரண்டாவது பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார். முகம் முழுதாக உரிந்து வந்ததும், கழற்ற வேண்டியது இனி டிவிதானா என்று பச்சமுத்துவிடம் கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “அதெல்லாம் இருக்கட்டும், மொதல்ல நீங்க பெட்டிய ஆட்டாம கீழ எறங்குங்க.”

கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிக் கடையைத் திறந்தால், தாள் வீணாகக் கூடாதென்று பாபு ஒரே தாளில் பன்னிரண்டாக அடித்து, ஒட்டியது போகக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போயிருந்த பச்சமுத்துகள், வெளிச்சம் ஊடுருவுகிற சரியான ஸ்டிக்கரில், யாருக்கும் கொடுக்க வழியில்லாமலும் கிழித்துப் போடக் கை வராமலும், பதினொன்று மிச்சம்.