பெரியத்தாவின் காது மிஷின்

எங்கள் வீட்டில் கியாமத் நாளைப் பற்றி உண்மையாகக் கவலைப்பட்ட ஒரே ஆள் நான்தான். மற்றவர்களும் உலகம் ஒருநாள் அழியும் என்று நம்பினார்கள். ஆனால் நம்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். அந்த நாளில் மலைகளெல்லாம் பஞ்சாய்ப் பறக்கும் என்று மத்ரஸாவில் ஓதித் தருகிற ஹஜ்ரத் சொன்ன அன்று, நான் மொட்டை மாடியில் ஏறி நின்று மலைக்கோட்டையைப் பார்த்தேன். அம்புட்டுப் பெரிய பாறை கிளம்பினால் முதலில் எங்கள் வீட்டைத் தொட்டுக்கொண்டுதான் போகும் என்று பட்டது. கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"மாடிக்குப் போனவ காயப்போட்ட துணியை எடுத்துட்டு வந்தியா?" என்றார் அம்மா.

இப்படித்தான் இருந்தது என் பிழைப்பு.

அப்போது எனக்குப் பத்து வயது. பதின்மூன்றாம் வாய்ப்பாடு தலைகீழாக நின்றாலும் வராது. ஆனால் ஆதம் நபியிலிருந்து முஹம்மது நபி வரை இருபத்தைந்து நபிமார்களின் பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்வேன். கடைசிக் காலத்தின் அடையாளங்களும் அப்படித்தான். சூரியன் மேற்கே உதித்துவிட்டால் பாவமன்னிப்பின் வாசல் அடைபட்டுவிடும் என்பதால் தினமும் காலையில் மாடிக்குப் போய்ச் சரியான பக்கம்தான் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். கடைசிக் காலத்துப் பெரும் பொய்யன் தஜ்ஜால் வருவான், ஈசா நபி வானத்திலிருந்து இறங்கி வந்து அவனை அழிப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தஜ்ஜாலின் முதல் நாள் ஒரு வருடம் நீளமாக இருக்கும் என்று ஹஜ்ரத் சொல்லியிருந்தார். ஒரு வருட நீளமுள்ள நாளில் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும் என்று கேட்டேன். ஹஜ்ரத் பிரம்பை எடுத்து மேசைமேல் வைத்தார். அடிக்கவில்லை, வைத்தார். கவலைப்படுகிற பிள்ளைக்கு அதுவே போதும்.

பிறகு மண்ணறையைப் பற்றிய கபுர்ப் பாடம் வந்தது. இறந்தவரின் மையத்தை அடக்கிவிட்டு ஆட்கள் திரும்பும்போது அவர்களுடைய செருப்புச் சத்தம் உள்ளே இருப்பவருக்குக் கேட்கும். உடனே முன்கர், நகீர் என்று இரண்டு மலக்குகள், அதாவது வானவர்கள், வருவார்கள். உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யார் என்று கேட்பார்கள். பதில் சொன்னவருக்குக் கபுர் விசாலமாகும். சொல்லாதவருக்கு நெருக்கும்.

எனக்கு உடனே பெரியத்தாவின் நினைவு வந்தது.

பெரியத்தா என்றால் என் அத்தாவின், அதாவது அப்பாவின், அண்ணன். நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். தோல் ஷாப்பில் முப்பது வருடம், தோலைப் போட்டு உருட்டுகிற பெரிய டிரம்முக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்ததில் அவருக்குக் காது போய்விட்டது. சவூதியில் இருந்த மகன் காதுக்குப் பின்னால் மாட்டுகிற மிஷின் ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். பெரியத்தா அதை ஒரு வாரம் மாட்டினார். "காதுக்குள்ள கொசு குடும்பம் நடத்துது" என்று சொல்லிக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டவர்தான், பிறகு அது அங்கேயே கிடந்தது.

இதனால் பெரியம்மாவின் தொண்டைதான் போனது. சோறு ஆறுது வாங்க என்று அவர் போடுகிற சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எழுந்து கை கழுவுவார். பெரியத்தா அசையாமல் பேப்பர் படிப்பார். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வரும். பையில் மிஷினை வைத்துக்கொண்டு மாட்டாத மனிதர் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சோற்றுக்குக் கூப்பிடுவதை மட்டும் ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டு, மற்றதையெல்லாம் முனகுகிற பெரியம்மா. மதியம் பெரியத்தாவின் நாற்காலிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டே தனக்குள் பேசுவதுபோலப் பேசுவார். முழங்கால் வீங்கிக் கிடப்பது, மகன் போன் பண்ணி ரெண்டு வாரமாவது, நாத்தனார் என்றைக்கோ சொன்ன ஒரு சொல். பக்கத்தில் இருக்கிற எனக்கே பாதிதான் கேட்கும். காது கேட்காத மனிதரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து இப்படிப் பேசினால் யாருக்குப் போய்ச் சேரும்?

ஆனால் மறுநாள் அடுப்படி அலமாரியில் முழங்கால் வலித் தைலம் இருக்கும். ரெண்டு நாளில் மகனிடமிருந்து போன் வரும். நான் எங்கள் வீட்டில் நல்ல ஜின் ஒன்று இருப்பதாக முடிவு செய்திருந்தேன். பெரியம்மா அந்தத் தைலத்தை யார் வைத்தது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது வேறு எனக்கு எரிச்சல்.

"காது கேக்காதவங்கட்ட மலக்கு எப்படிக் கேப்பாங்க?" என்று ஹஜ்ரத்திடம் கேட்டுப் பார்த்தேன்.

"பாடத்தை ஓது" என்றார்.

அத்தாவிடம் கேட்டேன். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். உண்மையில் எனக்கு வேறு வேலை இல்லை.

அந்த வருடம் மழைக்குப் பிறகு பெரியத்தா நெஞ்சுச் சளியில் படுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தும் எழவில்லை. எல்லாரும் மாத்திரையைப் பற்றியும் கஞ்சியைப் பற்றியும் பேசினார்களே தவிர, பரீட்சையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வேறு வழியில்லாமல் நானே இறங்கினேன். ஒருநாள் பெரியம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, கட்டிலில் ஏறி, அவர் காதில் வாயை வைத்துக் கத்தினேன்.

"உன் ரப்பு யார்?"

பெரியத்தா கண்ணைத் திறந்து, "அல்லாஹ்" என்றார்.

"உன் நபி யார்?"

அதற்கும் சரியாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "பாஸாக எம்புட்டு மார்க்கு வேணும்?" என்றார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

பெரியம்மா தலையில் துண்டோடு ஓடி வந்தார். "உசுரோட கெடக்குற மனுசன்ட்ட கபுர்க் கேள்வியைக் கேக்குது பாரு, கழுத." முதுகில் ஒன்று விழுந்தது. பெரியத்தா கையைக் காட்டித் தடுத்தார். "விடு. இந்த வீட்ல இவ ஒருத்திதான் எனக்குப் பாடம் சொல்லித் தாரா."

பதில்கள் அவருக்குத் தெரிந்திருந்தன. கேள்வி காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். நான் கத்தினேன். மலக்குகள் கத்துவார்களா?

பத்து நாள் கழித்து ஒரு காலையில் பெரியத்தா மௌத்தாகிவிட்டார். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். பெரியவர்கள் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் கபனிட்டுக் கூடத்தில் கிடத்தி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்ததும் எனக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. இரண்டு காதிலும் அத்தர் நனைத்த பஞ்சை வைத்து அடைத்திருந்தார்கள். ஏற்கனவே கேட்காத காது. அதில் பஞ்சு. படித்தவர்கள், தொழுகிறவர்கள், ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் இத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா?

உள்ளே ஆணியில் அவருடைய சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பையில் கையை விட்டேன். மிஷின் இருந்தது. பேட்டரி மூடியைச் சாத்தினால் ஓடும் என்று எனக்குத் தெரியும். சாத்தினேன். கூடத்தில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். பெரியத்தாவின் முகத்தோடு முகம் வைத்துப் படுப்பதுபோலக் குனிந்து, வலது காதின் பஞ்சை உருவிவிட்டு மிஷினைச் செருகி, துணியை இழுத்து மூடினேன். என்னைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் கூடுதலாக அழுதார்கள். "பெரியத்தா மேல அம்புட்டு உசுரு புள்ளைக்கு" என்றார் ஒருவர். உசுருதான். ஆனால் எனக்கு அப்போது அவசரம்.

யாசீன் முடிந்தது. கூடம் அமைதியானது. மையத்தைத் தூக்கிப் போகிற சந்தூக் வாசலுக்கு வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, முகத்தை மூடத் துணியை இழுத்தார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. மெல்லிசாக, நீளமாக, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், ஒரு ஊதல்.

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு மாமி கலிமாவைச் சொல்லிக்கொண்டே சுவரோடு ஒட்டினார். இஸ்ராஃபீல் என்ற மலக்கு சூர் என்ற கொம்பை ஊதும்போதுதான் உலகம் முடியும் என்று நான் மனப்பாடமாகப் படித்தவள். இன்று பார்த்துக் காலையில் மாடிக்குப் போகவில்லை. பெரியத்தாவைப் பார்க்க ஓடியதில் சூரியன் எந்தப் பக்கம் வந்தது என்று பார்க்காமல் விட்டுவிட்டேன்.

உள்ளே இருந்து பெரியம்மா எழுந்து வந்தார். ஒருவரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் மண்டியிட்டு, துணிக்குள் கையை விட்டு, மிஷினை எடுத்து மூடியைத் திறந்தார். ஊதல் நின்றது.

"இருக்குறவரைக்கும் ஒருநாள் ஒழுங்கா மாட்டல. இப்ப மாட்டிக்கிட்டுப் படுத்திருக்காரு பாரு" என்றார்.

பக்கத்து வீட்டு மாமி சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அம்மாவின் கண் நேராக என்மேல் வந்து நின்றது. இனி மறைத்து என்ன?

"அதை எடுக்காதீங்க பெரியம்மா. அவுங்க வந்து கேள்வி கேப்பாங்க. பெரியத்தாக்குப் பதிலெல்லாம் தெரியும். கேள்விதான் கேக்காது. பேசாம நின்னா கபுரு நெருக்கும்ல?"

அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பெரியம்மா தடுத்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவருக்குக் கண் கலங்கியது. கீழே கிடந்த பஞ்சைத் தட்டி மறுபடி காதில் வைத்துவிட்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அவருக்கு எல்லாம் கேக்கும்டி. எப்பவும் கேட்டுச்சு."

மலக்குகளைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த 'எப்பவும்' என்ற சொல்லை நான் கவனிக்கவே இல்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, பிறகு கல்யாணமாகி, இரண்டு காதும் பழுதில்லாமல் கேட்கிற ஒரு மனிதரிடம் ஒரே விசயத்தை நாலு தடவை சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அது எனக்கு விளங்கியது.

ஆண்கள் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் நின்று அவர்களுடைய செருப்புச் சத்தம் தேயும்வரை கேட்டேன். மனம் ஆறவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிபுக்கு அம்மா என்னிடம் டீயைக் கொடுத்து உள்ளே அனுப்பினார். பெரியம்மா வழக்கமான இடத்தில், அந்த நாற்காலிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி காலி. கையில் மிஷின். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"…காலையிலேருந்து ஒரு வாய் திங்கல நானு. உங்க தம்பி மக பண்ணுன கூத்தப் பாத்தீங்கள்ல…"

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. அவரோ கபர்ஸ்தானில் இருக்கிறார். இங்கே உட்கார்ந்து முனகினால்?

"சத்தமாவாச்சும் பேசுங்க பெரியம்மா. அங்க வரைக்கும் எப்படிக் கேக்கும்?"

பெரியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "டீயை வச்சுட்டு, கதவைச் சாத்திட்டுப் போ" என்றார்.

சாத்திவிட்டு, கதவில் காதை வைத்துக் கேட்டேன். குரலை முன்னைவிட இன்னும் தாழ்த்திக்கொண்டிருந்தார். பெரியவர்களுக்கு எதையும் சொல்லி விளங்கவைக்க முடியாது என்று சலித்துக்கொண்டு, நாளைக்காவது மறக்காமல் சூரியனைப் பார்க்க வேண்டும் என்ற கவலையோடு, காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனேன்.