நான்கு மில்லிமீட்டர்

போகுமில் போலந்தில் டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் வீட்டு அலமாரியின்மேல் நான்கு வருடமாக ஒரு விண்கலம் வளர்ந்துகொண்டிருந்தது. மூவாயிரத்துச் சொச்சம் காகிதத் துண்டுகள். ஒவ்வொன்றையும் வெட்டி, வெட்டிய விளிம்பின் வெள்ளை தெரியாதபடி சாம்பல் வண்ணம் தொட்டு ஒட்டியிருந்தார்.

இன்று கடைசித் தகடு. அதை ஒட்டினால் கலத்தின் உடல் மூடிக்கொள்ள வேண்டும். மூடவில்லை. நான்கு மில்லிமீட்டர் இடைவெளி வாயைப் பிளந்து நின்றது.

காரணம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. வெளித்தகடுகளுக்கு அடியில் மெல்லிய தாளைச் சுற்றும்படி செய்முறைக் குறிப்பில் இருந்தது. மெல்லிய தாள் தொய்ந்துவிடும் என்று முதல் மாதமே பழைய காலண்டர் அட்டையைச் சுற்றிவைத்திருந்தார். கலம் அன்றே பெருத்துவிட்டது. பாழாய்ப்போன புத்திசாலித்தனம்!

"பிரிச்சு ஒட்டேன் கிழவா," என்றாள் மனைவி போஜென்னா.

"பசை இறுகிப்போச்சு. கையை வச்சா கிழியும்."

"அப்போ நடுவுல ஒரு பட்டையை ஒட்டி மறைச்சிரு."

"ஒட்டுப்போட்டது எனக்குத் தெரியுமே."

"சரி, புதுசா ஆரம்பி."

"எந்தக் கண்ணை வச்சுடி? டாக்டர் சொன்னப்ப நீயும்தானே பக்கத்துல இருந்த?"

அவர் பிளவைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். அவள் வந்து முன்பக்கம் திருப்பினாள்.

"கதவுன்னு சொல்லிடு. யாரு வந்து கேக்கப்போறா?"

"அதான்டி," என்றார் போகுமில். "யாரும் வந்து கேக்கப்போறதில்ல."