ஜம்புலிங்கத்தின் அரக்குச் சேலை

1960களில் அந்தமானின் மாயாபந்தர் மர டிப்போவில் மேஸ்திரியாக இருந்தவர் ஜம்புலிங்கம். தனிக்கட்டை. பகலெல்லாம் காக்கி டிரவுசர். அந்தியில் கதவைச் சாத்திவிட்டுச் சேலை உடுத்திக்கொள்வார். ஜன்னல் வழியே வரும் கடல் வெளிச்சம் பலகைச் சுவரில் நெளியும். வீடே மெல்ல மிதப்பதுபோல் இருக்கும்.

அந்த ஊர் மழைக்கு, உள்ளே காயப்போட்டால் துணியில் பூசணம் பிடித்துவிடும். அதனால் மெயின்லேண்டில் இல்லாத ஒரு மனைவிக்கு என்று சொல்லி அவர் வாங்கும் சேலை, மறுவாரம் அவர் வீட்டு வெளிக்கொடியிலேயே ஆடும். ஊரே பார்க்கும், ஒருவரும் கேட்டதில்லை.

அவருக்கு ஐம்பது வயதான வருடம், கப்பலில் புதுச் சரக்கு வந்ததும் மெஹருன்னிசாவின் ஜவுளிக்கடைக்குப் போய், வழக்கம்போல் ரோஸ் கலரில் பூப்போட்ட சேலை கேட்டார்.

"ரோஸ் வேணாண்ணே. வயசுக்கு இந்த அரக்குதான் பில்குல் பொருந்தும்," என்றாள் அவள்.

"அவளுக்கு முப்பத்தெட்டுதான் ஆகுது," என்றார் விறைப்பாக.

"நான் உங்க வயசைச் சொன்னேன்," என்று சேலையை மடித்துக் கொடுத்தாள் மெஹருன்னிசா.

அன்று அந்தியில் அரக்குச் சேலையோடு கண்ணாடி முன் நின்றார். கடல் வெளிச்சம் கொசுவத்தில் ஏறி இறங்கியது. பொருந்தித்தான் இருந்தது. இத்தனை வருடம் ரோஸ் கலரில் அலையவிட்டு, இப்போதுதானா சொல்கிறாள் என்று அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.