கோழி மருந்தும் வசந்தாமணியின் மாத்திரையும்

நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணை ஒன்றில் கோழிகளுக்குத் தண்ணீரில் மருந்து கலப்பது வசந்தாமணியின் வேலை. கோழி தலையைத் தொங்கப்போட்டால் மருந்து. தீனி எடுக்கத் தொடங்கினால் நிறுத்தம். முட்டை குறைந்த கோழிகளைக் கறிக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள். அங்கே அதுதான் வழக்கம்.

போன ஆடியில் அவளே தலையைத் தொங்கப்போட்டாள். வீட்டில் சாவுமில்லை, சண்டையுமில்லை. எழுந்திருக்கப் பிடிக்கவில்லை, சோறு இறங்கவில்லை, சும்மா சும்மா அழுகை வந்தது. ஊர்வாய் சும்மா இருக்குமா? ஒருத்தி காத்துக் கருப்பு என்றாள், இன்னொருத்தி உடம்புக் கொழுப்பு என்றாள். கணவன் வேல்முருகன் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் சேலத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனான்.

"இது மனச்சோர்வுங்கம்மா. மாத்திரை உடனே கேக்காது, சில வாரம் பொறுக்கோணும். நல்லானாலும் என்னையக் கேக்காம நிறுத்தீராதீங்க" என்றார் அவர்.

முதலில் குமட்டல்தான் வந்தது. பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக் குழம்பு வாசத்துக்கு அவளுக்குப் பசித்தது. பசித்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் அழுதாள்.

வேலைக்குத் திரும்பினாள். தீனி எடுத்தாகிவிட்டது, இனி மருந்து எதற்கு? பண்ணைப் பழக்கத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டாள், யாரிடமும் சொல்லவில்லை. சீக்கிரமே தலை சுற்றியது, தூக்கம் போனது. போன இருட்டு மெல்லத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

பயந்துபோன வேல்முருகன் மறுபடி சேலத்துக்கு பைக்கை விட்டான். அவள் சொன்னதைக் கேட்டு மருத்துவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கோழிக்கு மருந்து கலக்கறவங்கன்னு நான் முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சிருக்கோணும். இந்த மாத்திரை நல்லானப்புறமும் பல மாசம் வேணுங்க. நிறுத்தற காலம் வந்தா நானே கொஞ்சங் கொஞ்சமாக் குறைக்கறேன்."

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் கறிக்குப் போகும் கழிவுக் கோழி ஏற்றிய வண்டி. கூண்டுக் கம்பிக்கு வெளியே நீண்ட கழுத்துகளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் மாமா, நானும் முட்டை குறைஞ்ச கோழிதானுங்க. என்னைய வெச்சு எதுக்குத் தீனி போடறீங்க?"

"அட, தீனியாச்சும் தின்னு தொலைக்கிறியா நீ? அதுவுமில்ல" என்று சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. கேட் திறந்தும் பைக்கைக் கிளப்பாமல் நின்றான். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"கோழின்னா வண்டி ஏத்தி உட்டுரலாம் புள்ள. உன்னைய ஏத்தி உட்டுப்போட்டு நான் எந்த ஊட்டுக்குப் போறது?"

அவள் அவன் சட்டைப் பையில் கையை விட்டு, அவன் வாங்கி வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.