கொளஞ்சி பிரதரின் பத்து நிமிஷம்

"பத்து நிமிஷம். அழுது முடிச்சி, மூஞ்சி கழுவிட்டு வா. அதுவரைக்கும் ஒன் பேஷன்ட்ட நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, போர்வைகள் அடுக்கிய அறைக்குள் புதிதாக வேலைக்கு வந்த ஒரு நர்ஸ் பெண்ணை அனுப்பிக் கதவைச் சாத்துகிறார் கொளஞ்சி. சாத்திய கையோடு அவள் விட்டுப்போன பி.பி. மெஷினைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். இந்த வாரத்தில் இது மூன்றாவது அழுகை. இன்றைக்குப் புதன்கிழமைதான்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் பதினோரு வருஷமாக அவர் நர்ஸ். ஆண் நர்ஸ் என்பது நம் ஜனங்களுக்கு இன்னும் வாயில் வரவில்லை. பெரியவர்கள் கம்பவுண்டர் என்கிறார்கள், பார்க்க வருகிறவர்கள் டாக்டர் என்கிறார்கள். குறிஞ்சிப்பாடியில் அவருடைய மாமியாரோ, "எம் மருமவன் ஆஸ்பத்திரில மேனேஜரு" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார் மனுஷன். நர்ஸ் படிப்பு முடித்து, பதிவு வாங்கிக்கொண்டு முதல் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு மட்டும் அவர் கொளஞ்சி பிரதர். முதல் வருஷம் முழுக்க அவர்கள் அவர் பொறுப்பு.

பொறுப்பு என்றதும் பாடம் நடத்துவார் என்று நினைத்துவிட வேண்டாம். "சாப்ட்டியா?" இதுதான் முதல் கேள்வி. இல்லை என்றால் ஊசியைத் தொட விடமாட்டார். பிறகு இரண்டடி தள்ளி நின்றுகொள்வார். கை தப்பாகப் போனால் ஒரு இருமல், அவ்வளவுதான். நோயாளி முன்னால் ஒரு பிள்ளையையும் திட்டியதில்லை. இந்த இருமலைக் கேட்டுப் பரிதாபப்பட்டு, பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு நோயாளியின் மனைவி அவருக்குத் தூதுவளைக் கஷாயம் போட்டுக்கொண்டு வந்தாள். மறுக்க மனமில்லாமல் மூன்று நாள் குடித்தார்.

போன வருஷம் வந்தவர்கள் ஐந்து பேர். வருஷம் முடிவதற்குள் மூன்று பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். வேலை தெரியாத பிள்ளைகளா என்றால் இல்லை, பயந்துபோன பிள்ளைகள். அந்த வயிற்றெரிச்சல் கொளஞ்சிக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் அடுத்து வந்த இலக்கியாவை விட்டுவிடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். கடலூர்ப் பக்கத்துக் கடற்கரைப் பெண். வேலைக்கு வந்து ஏழு மாதம். ரத்தக்குழாயே தெரியாத கையிலும் ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிடுவாள்.

சிதம்பரத்தில் நடனசபாபதி என்ற பெயருக்குப் பஞ்சமா? போன மாதம் வார்டிலேயே இரண்டு பேர். ஒருவர் ஏழாம் படுக்கை. பன்னிரண்டாம் படுக்கை மின்விசிறி நின்றுபோனதால், அங்கே இருந்த இன்னொருவரை ஒரு நாள் காலையில் எட்டாம் படுக்கைக்கு மாற்றினார் கொளஞ்சி. நோயாளியின் பெயரை நாம் சொல்லக் கூடாது, அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்பது கொளஞ்சி போட்ட சட்டம். இலக்கியா அப்படியே கேட்டாள். எட்டாம் படுக்கைக்காரர் கணீரென்று "நடனசபாபதி" என்றார். மணிக்கட்டில் கட்டிய நம்பரை மட்டும் பார்க்காமல், ஏழாம் படுக்கைக்காரரின் சர்க்கரை மாத்திரையை இவருக்குக் கொடுத்துவிட்டாள்.

இரண்டே நிமிஷத்தில் அவளுக்கே தெரிந்துபோய் ஓடிவந்தாள். "பிரதர், மாத்திரைய மாத்திக் குடுத்துட்டேன்."

டாக்டர் வந்தார், கத்தினார். பிறகு மணிக்கு ஒரு தரம் எட்டாம் படுக்கைக்காரரின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். நடுநடுவே ஜூஸ், பன், மறுபடி ஜூஸ். அவருக்கோ ஏகக் குஷி. "ஒரு மாத்திரைக்கு இவ்ளோ கவனிப்பா? தெனமும் மாத்திக் குடும்மா!" சாயங்காலம் டாக்டர், இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டார்.

இலக்கியாதான் தேறவில்லை. அன்றைக்குப் பத்து நிமிஷம் இருபத்தைந்தாயிற்று. வெளியே வந்தவள் முகம்கூடக் கழுவவில்லை.

"நாளையிலேர்ந்து நான் வரல பிரதர். வூட்டுக்கே வந்துடுன்னு அப்பா சொல்றாரு."

கொளஞ்சி இழுப்பறையிலிருந்து ஓர் அச்சடித்த படிவத்தை எடுத்தார். "சரி, பாரத்த எழுதிட்டுப் போ" என்றார்.

தவறு நடந்தால் அதற்கென்று ஒரு பாரம் உண்டு. காரணம் என்ற இடத்தில் 'என் கவனக்குறைவு' என்று மட்டும் எழுதி நகர்த்தினாள். பதினோரு வருஷத்தில் அந்தப் பாரம் எதிலும் கொளஞ்சி பெயர் வந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை ஜாஸ்தி. பேனாவை வாங்கி, அவள் வரிக்கு மேலே எழுதினார்: 'ஒரே பெயர்க்காரர்களை அடுத்தடுத்த படுக்கையில் போட்டது நான்.' கையெழுத்தும் போட்டார்.

"ஒங்க பேரு எதுக்கு பிரதர்?"

"நான் பண்ணத வேற யாரு எழுதுவா?"

இலக்கியா அதை இரண்டு தரம் படித்தாள். எழுந்துபோய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

"நாளைக்கு எனக்குக் காலை டூட்டிதான?"

கொளஞ்சி பாரத்தை எடுத்து வைத்தார். எட்டாம் படுக்கைக்குப் போனார். சக்கரத்தின் பூட்டைக் காலால் தட்டிவிட்டு, பன்னைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்த நடனசபாபதியோடு கட்டிலை வார்டின் அந்தக் கோடிக்குத் தள்ளத் தொடங்கினார். "நீ அந்தப் பக்கம் புடி" என்றார்.